புகை போடாத சுக்கு

இல்ல மேடம், எந்திரிக்காதீங்க, கார் இப்போ வந்துரும். டயர்ல காத்து இல்லையாம், டிரைவர் விக்கி சேட்டன் இப்போதான் போன் பண்ணினாரு. கொச்சங்காடியில நாம இஞ்சி காயப் போடுற முத்தம் ஒண்ணும் தூரம் இல்லதான், கூப்பிட்டா கேக்குற தூரம். ஆனா இந்த வெயில்ல உங்களை நடத்திக் கூட்டிட்டுப் போனேன்னு தெரிஞ்சா முதலாளி சங்கர்ராம் சார் என்னைய வறுத்துருவாரு. சாயா சொல்லட்டுமா? ரெண்டு ஆச்சு, தெரியும். மூணாவது குடிச்சா ஒண்ணும் ஆகாது. நம்ம குடோன் இஞ்சி தட்டிப் போட்டது மேடம், தொண்டைக்கு நல்லது.

நான் இவ்வளவு பேசுற ஆளே இல்ல, கேட்டீங்களா. காலேஜ்ல செமினார் இருக்குற அன்னைக்கெல்லாம் எனக்குச் சரியா காய்ச்சல் வந்துரும். நடிப்பில்ல, தெர்மாமீட்டர்லயே காட்டும். பக்கத்து சீட்டு தன்யா சேச்சி சொல்லும், ரோஜா வாயைத் திறந்தா அன்னைக்குக் கொச்சியில மழைன்னு. ஆனா சர்டிபிகேட் குடுக்குறதுக்குச் சென்னையிலேருந்து ஸாதனான்னு ஒரு மேடம் வர்றாங்க, தமிழ்க்காரங்கன்னு தெரிஞ்சதும் சார் நேரா என் டேபிளுக்கு வந்துட்டாரு. ஆபீஸ்ல ஒழுங்கா தமிழ் பேசுறது சாரும் நானும்தான். சார் வீட்டுல பாலக்காட்டுத் தமிழ், எங்க வீட்டுல தென்காசித் தமிழ். நீதான் கூடவே இருக்கணும், தனியா விடாதேன்னாரு. மரியாதைக்குச் சொன்னாரு மேடம்.

என் போஸ்ட்டா? சஸ்டெயினபிலிட்டி கோஆர்டினேட்டர். எழுதிக்கோங்க. அதை அம்மாக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறதுன்னு தெரியாம, கடல் தண்ணி அளக்குற வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். பொய்யில்ல. கீழ வாசல் தூண்ல சிவப்பு பெயிண்ட்ல கோடு கோடா இருக்கே, பார்த்தீங்களா? அதெல்லாம் நான் போட்டது. வேலியேத்தத்துக்கு, அதான் கடல் ஏறுற நேரத்துக்கு, காயல் தண்ணி எவ்வளவு உயரம் உள்ள வருதுன்னு ஒவ்வொரு தடவையும் கோடு போட்டுத் தேதி எழுதிருவேன். முன்னெல்லாம் வருஷத்துல ரெண்டு நாள், மூணு நாள் எட்டிப் பார்த்துட்டுப் போயிரும். இப்போ சம்பந்தி வீட்டு ஆளு மாதிரி, நெனச்சா வருது, வந்தா போக மாட்டேங்குது.

சார் அதுக்குத்தான் தரையை ரெண்டடி ஏத்தினாரு. ஓட்டுக் கூரையை எடுத்துட்டு சோலார் போட்டாரு. மட்டாஞ்சேரியில இந்தத் தெருவுலயே முதல்ல போட்டது நம்ம கம்பெனிதான். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு இதுல நெஜமாவே அக்கறை. போன வருஷம் எர்ணாகுளத்துல ஒரு பெரிய ஹோட்டல்ல மீட்டிங், எல்லாம் முதலாளிமாரு. மாறுற உலகத்துல தொழிலை எப்படி நிலைநிறுத்துறதுன்னு தலைப்பு. உள்ள ஏசி அப்படிக் குளிருது மேடம், பூமி சூடாகுறதைப் பத்திப் பேசினவரு போட்ட சால்வையைக் கழட்டவே இல்ல, இழுத்துப் போர்த்திக்கிட்டுப் பேசினாரு. சிரிக்காதீங்க, எனக்கும் அன்னைக்குச் சிரிப்பை அடக்க முடியல.

சாரும் பேசினாரு. நான் எழுதிக் குடுத்ததுதான். நம்ம சுக்கைச் சாப்பிடுறவங்களும் மூச்சு விடணும், அதைச் செய்யுறவங்களும் மூச்சு விடணும்னு ஒரு வரி. அதுக்கு நல்லாக் கைதட்டினாங்க. நான் கடைசி வரிசையில தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். வெக்கம் மேடம். அப்போ வெறும் வெக்கம்தான்.

மூச்சுன்னு ஏன் எழுதினேனா? அது புகை விஷயம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இஞ்சியைத் தோல் சீவி, சுண்ணாம்புத் தண்ணியில முக்கிக் காய வச்சு, ஒரு ரூம்ல அடுக்கிக் கதவைச் சாத்தி, உள்ள கந்தகத்தைக் கொளுத்தி வச்சிருவாங்க. பூச்சி வராது, பூஞ்சை பூக்காது, சுக்கு பால் மாதிரி வெளுப்பா இருக்கும். இங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணினாங்க. சாரோட அப்பா விஸ்வேஸ்வரன் சார் காலத்துலேருந்து நாமளும் அதான். ஜெர்மனி கம்பெனி வந்து, கந்தகம் இருக்கக் கூடாது, ஆளுங்களுக்கும் அந்தப் புகை ஆகாது, ரெண்டுக்கும் சர்டிபிகேட் வேணும்னு சொன்னதும் சார் ஒரே நாள்ல நிறுத்திட்டாரு. புகை ரூம் கதவைத் தானே நின்னு கழட்டினாரு. காலையில பார்த்தீங்களே, பெண்கள் ஓய்வு அறைன்னு பெட்டு, ஃபேன் எல்லாம் போட்டு, அந்த ரூம்தான்.

நாலு மாசம் மேடம். நாலு மாசம் சத்தியமா ஒரு பொட்டு கந்தகம் வாங்கல.

அப்புறமா? அப்புறம் வெயில் அடிக்க வேண்டிய மாசத்துல மழை. முத்தத்துல காயப் போட்டது பூரா நனையுது, வாருறோம், திரும்ப விரிக்கிறோம், திரும்ப நனையுது. கீழ தண்ணி ஏறி நிக்கிறதால குடோன் சுவரெல்லாம் ஈரம். இருக்குறதை அனுப்பினோம். ஹாம்பர்க் போய்த் திறந்து பார்த்தா, உள்ள பச்சைப் பசேல்னு பூத்துக் கெடக்காம். அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னைக்கு சார் கீழ ஒரு சாக்கு மேல தனியா உக்காந்திருந்தாரு. நான் போனதும், ரோஜா, அறுபது பேர் இருக்காங்க, நாளைக்கு நான் என்ன சொல்றதுன்னு கேட்டாரு. என்கிட்ட மேடம். எனக்கு இருபத்திநாலு வயசு.

ஆமா, அடுத்த லோடு நல்லாப் போச்சு. அதுக்கடுத்ததும். எப்படின்னா, காய வைக்கிற முறையைக் கொஞ்சம் மாத்தினோம். டிரையரா? டிரையர் வாங்கணும்னு ப்ளான் இருக்கு. அடுத்த வருஷம்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கேன். வெளுப்புக்கு... ஐயோ, வெளுப்புன்னு இல்ல, கழுவுறதுதான். டெஸ்ட்டுல அளவுக்குள்ளதான் இருக்கு, கழுவிக் காத்தாட விட்டா கந்தகம் கொறஞ்சிரும்னு... நான் என்ன சொல்றேன். இந்தக் கட்டடத்துல புகை போடுறதே இல்ல மேடம், எங்க வேணா வந்து சொல்றேன்.

இந்தக் கட்டடம்னா சொன்னேன்?

சாயா ஆறுது, குடிங்க.

கீழ பெண்களைப் பார்த்தீங்கல்ல, எப்படி வேலை பார்க்குறாங்க! எங்க அம்மாவும் இங்கதான், பதினாறு வருஷமா. மாடத்தின்னு பேரு. அம்மா சம்பளத்துலதான் நான் பி.காம் படிச்சேன், சார்தான் என்னைய மேல ஆபீஸ்ல எடுத்துக்கிட்டாரு. இல்ல, காலையில நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. அம்மா கீழ இல்ல. லீவும் இல்ல. இப்போ அதுக்கு வேற எடத்துல வேலை. பத்துப் பேர் மாத்தி மாத்திப் போவாங்க, அம்மா மட்டும் தெனமும். எவ்வளவு கந்தகம், எவ்வளவு நேரம்னு அம்மாக்குக் கண்ணளவு. கூடினா சுக்கு கசக்கும், கொறைஞ்சா பூக்கும். சரியா வைக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

நீங்க ஏன் எழுதுறதை நிறுத்திட்டீங்க?

கீழ யாரு காலுலயும் மெட்டி இல்லையேன்னு காலையில கேட்டீங்களே, நான் பதில் சொல்லாம வேற பேசிட்டேன். சூப்பர்வைசர் சுப்புராஜ் அண்ணன்தான் நேத்து எல்லாரையும் கூப்பிட்டு, கொலுசு மெட்டி ஒண்ணும் போட்டுட்டு வரக் கூடாது, சாப்பாட்டுப் பொருள் இருக்குற எடம்னாரு. ரூல் சரிதான். ஆனா இதுக்கு முன்னாடி ஆடிட் வந்தப்போ வளையல், கம்மலோட விட்டுட்டாங்க. காலைப் பத்தி யாரும் பேசினதே இல்ல. கந்தகப் புகையில நின்னா வெள்ளி கறுத்துப் போயிரும் மேடம். புளி போட்டுத் தேய்ச்சாலும் இடுக்குல போகாது. உங்களை மாதிரிப் பார்க்கத் தெரிஞ்சவங்க பார்த்தா கண்டுபிடிச்சிருவீங்கன்னு யாருக்கோ தோணியிருக்கு.

எல்லாரும் கழட்டிட்டாங்க. எங்க அம்மா மட்டும், ஏன் கழட்டணும், எம் புருசன் முத்துராமலிங்கம் கல்லு மாதிரி உசுரோட இருக்காரு, எவனோ ஒருத்தன் வெள்ளைக்காரன் சுக்குக் காப்பி குடிக்கிறதுக்கு நான் தாலியறுத்தவ மாதிரி நிக்கணுமான்னு கேட்டுச்சு. அதுக்கு சுப்புராஜ் அண்ணன், அப்போ நீ இந்தப் பக்கமே வராத, நேரா அங்க போயிருன்னுட்டாரு.

அம்மாக்கு இருமல் ஒரு வருஷமா இருக்கு. சார்தான் டாக்டர்கிட்ட அனுப்பினாரு, ஸ்கேன் எல்லாம் அவர்தான் பார்த்துக்கிட்டாரு. டாக்டர் வாயில வச்சு இழுக்குற பம்பு ஒண்ணு குடுத்து, புகை இருக்குற எடத்துக்கே போகாதீங்கன்னாரு. அம்மா தலையைத் தலையை ஆட்டிட்டு, மறுநாள் பம்பை இடுப்புல சொருகிட்டு அங்கயே போச்சு. முகத்துல ஈரத்துணி கட்டிக்கும். மாஸ்க் வாங்கிக் குடுத்தேன், மூச்சு முட்டுதுன்னு கழட்டிருச்சு. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலயும் நின்னு, கீழ ஏதோ விழுந்ததைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கும். நான் பார்க்கக் கூடாதாம்.

சொன்னேன் மேடம், சொல்லாம இருப்பேனா. நான் சார்கிட்ட பேசுறேன், இல்லன்னா ஆடிட் வர்றவங்ககிட்டயாவது சொல்றேன்னேன். ஏட்டி, ஒனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா, இந்தச் சர்டிபிகேட் இல்லன்னா ஆர்டர் இல்ல, ஆர்டர் இல்லன்னா அறுபது பொம்பளைங்க தெருவுல நிப்பாளுக, அவளுக சாபம் நமக்கு எதுக்குட்டி, இருமல்தானே, இருமிட்டுப் போறேன்னுச்சு. அதுவும் சரியாத்தான இருக்கு? எனக்கு எது சரின்னே தெரியல. உங்களுக்குத் தெரியுமா?

சாரும் ஒரு நியாயம் சொன்னாரு. அந்த ஷெட் அவர் மச்சான் வெங்கிடராமன் பேருல வாடகை, நம்ம எடமே இல்ல, அதனால இது பொய்யில்ல ரோஜான்னாரு. டிரையர் வர்ற வரைக்கும்தான், ஒரே ஒரு வருஷம்னாரு. அவர் கெட்டவர் இல்ல மேடம். கெட்டவரா இருந்தா எனக்கு ஈஸியா இருந்திருக்கும். உங்க கையில இருக்குற ரிப்போர்ட்ல பதினாலாம் பக்கம் பாருங்க. முற்றம் தவிர வெளி இடங்கள்: இல்லை. புகையூட்டல்: பூஜ்யம். தயாரித்தவர்: ரோஜா முத்துராமலிங்கம். கையெழுத்து என்னோடதுதான். டைப் பண்ணி முடிச்சுட்டு, எழுத்துப் பிழை இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்தேன். ஒண்ணும் இல்ல.

போன் அடிக்குது, சார்தான். இல்ல, எடுக்கல. என்ன கேப்பாருன்னு தெரியும். இன்னும் மேலதான இருக்காங்கன்னு கேப்பாரு. மூணு தடவை கேட்டாச்சு, மூணு தடவையும் ஆமா சார்னு சொல்லியாச்சு.

மணி என்ன, மூணே முக்காலா? அப்போ நேரம் இருக்கு. காருக்கு ஒண்ணும் இல்ல மேடம், பின்னாடி புளியமரத்தடியில நிக்குது. நீங்க காலையில கொச்சங்காடி முத்தத்தைப் பார்க்கணும்னு சொன்னீங்கள்ல, ஷெட் அதுக்குப் பக்கத்துலதான். அங்க இருக்குற சரக்கு, கந்தகம் எல்லாத்தையும் ஒழிச்சு லாரியில ஏத்தி முடிக்க நாலேகால் ஆகும், அது வரைக்கும் உங்களை இங்கயே பேசி உக்கார வைன்னாரு சார். ரெண்டு மணியிலேருந்து நான் அந்த வேலையைத்தான் பார்த்துட்டு இருக்கேன். ஆனா பேச ஒண்ணும் இல்லாமப் போச்சு மேடம். பொய்யா அவ்வளவு நேரம் பேச எனக்கு வராது.

பின்பக்கப் படியில எறங்குங்க. வலது பக்கம் திரும்பினா ஏழு நிமிஷம். முத்தம் தாண்டினதும் நீலத் தகரக் கதவு, வாசனை உங்களுக்கே தெரிஞ்சிரும். உள்ள சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை போட்டுட்டு ஒருத்தங்க நிப்பாங்க, அதான் அம்மா. நீங்க என்ன கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே இல்ல இல்லன்னுதான் சொல்லும். ரோஜா உங்க மகதானன்னு கேட்டா, ரோஜாவா, அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே மேடம்னு சொல்லும். காலையில எனக்குத் தலை பின்னி விட்டுக்கிட்டே, நாம ரெண்டு பேரும் அப்படித்தான் சொல்லணும்னு அதுதான் சொல்லிக் குடுத்துச்சு.