லீலாஸ் இன் டாட்... என்ன?

லீலா: கோடு வேணாம்னா வேணாம், ஞானவேலு.

ஞானவேல்: கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க மேடம். கோடு போடாத லீலாஸ் இன் டாட் காம ஏற்கெனவே எவனோ வாங்கிட்டான். காலி இல்லேங்குது.

லீலா: எவன் அவன்? நாயுடுபுரத்துல மூணு ரூமுல லாட்ஜு கட்டி, எம்பேர வச்சு, இன்னும் முழுசா ஒரு வருசம் ஆகல. எம்பேருல அவனுக்கு என்ன சோலி?

ஞானவேல்: ஒலகத்துல எத்தன லீலா இருக்காங்களோ... அத விடுங்க. நடுவுல ஒரு சின்னக் கோடு. லீலாஸ், கோடு, இன். பாக்கவும் லட்சணமா இருக்கு.

லீலா: போன்ல கேட்டா எப்படிச் சொல்றது?

ஞானவேல்: அதுல என்ன கஷ்டம்?

லீலா: சரி, நீங்க ரூமு கேக்குற மெட்ராஸ் பார்ட்டின்னு வச்சுக்குவோம். நான் சொல்றேன், அடிங்க. சார், எங்க வெப்சைட்டு லீலாஸ், நடுவுல ஒரு கோடு, அப்புறம் இன்.

ஞானவேல்: அடிச்சுட்டேங்க... வரலியே.

லீலா: என்ன அடிச்சீங்க?

ஞானவேல்: கே, ஓ, டி, யூ. கோடு.

லீலா: பாத்தீங்களா! கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கிற நீங்களே...

ஞானவேல்: நடிப்புல கொஞ்சம் எறங்கிட்டேங்க. ஆனா கோடு இல்லாட்டி வேற வம்பு இருக்கு. இங்கிலீசுல சேத்து எழுதிப் பாருங்க. லீலா... சின். சின்னுன்னா பாவம்.

லீலா: யாரு அப்படிப் படிக்கப் போறா?

ஞானவேல்: கான்வென்ட் சிஸ்டரு படிச்சாங்களே. நேத்து பிரின்ட் எடுக்க வந்தவங்க, ஸ்க்ரீனப் பாத்துட்டு, "லீலா என்ன பாவம் பண்ணா?"ன்னு நெஞ்சுல சிலுவ போட்டுக்கிட்டாங்க.

லீலா: நீங்க என்ன சொன்னீங்க?

ஞானவேல்: மூணு ரூமு கட்டிருக்காங்க சிஸ்டர்னேன்.

லீலா: எங்கம்மாவும் அதத்தான் பாவம்ங்குது. முப்பத்திரெண்டு வயசுல மாப்பிள்ள பாக்க விடாம லாட்ஜு கட்டுறாளேன்னு. இதுல, "அந்த நெட்டுக் கடையில தெனமும் என்ன கதைக்கிற?"ன்னு வேற. சிலோன் தோட்டத்துல இருந்து வந்து முப்பது வருசமாச்சு, இன்னும் கதைக்கிறதுதான்.

ஞானவேல்: எங்க வீட்லயும் கல்யாணப் பாட்டுத்தான்... ம்ம், டாட் நெட் பாப்பமா?

லீலா: கொசுவலைக் கடைன்னு நெனச்சுருவாங்க.

ஞானவேல்: டாட் ஆர்க்? அது தரும காரியத்துக்குள்ளது.

லீலா: அப்ப ஓசியில தங்க வந்துருவாங்க.

ஞானவேல்: பேர மாத்திருவமா? வெள்ளகவி வியூ... காலியாக் கெடக்கு.

லீலா: என் ஜன்னலத் தொறந்தா எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டிதான் தெரியும். கீழ பள்ளத்துல கெடக்குற வெள்ளகவிக்கு நான் எங்க போறது? டாட் இன்னுன்னு ஒன்னு இருக்காமே?

ஞானவேல்: இருக்கு. நம்ம நாட்டுக்குன்னே உள்ளது. போன வருசந்தான் எல்லாருக்கும் தொறந்து விட்டாங்க. ஆனா... வேணாங்க.

லீலா: ஏன்?

ஞானவேல்: லீலாஸ் இன் டாட் இன். மொத இன்னுக்கு ரெண்டு என், அடுத்த இன்னுக்கு ஒரு என். கேக்குறவன் இன்னும் இன்னும்னு அடிச்சுக்கிட்டே கெடப்பான்.

லீலா: அதுவும் வேணாம், இதுவும் வேணாம். பத்து நாளா வர்றேன். சீசனுக்கு மூணே வாரந்தான் கெடக்கு. எதிர்த்த காட்டேஜுக்காரரு மே மாசம் பூரா புக்கிங்க முடிச்சுட்டாரு. நான் போர்வைய மடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு இருக்கேன்.

ஞானவேல்: நாளைக்கு வெள்ளனே வாங்க. உக்காந்து நிதானமா முடிவு பண்ணிருவோம்.

லீலா: நாளைக்குமா... ஒன்னு கேக்கவா? அந்த டாட் காம வாங்குனது யாருன்னு நெட்டுல பாக்கலாமாமே?

ஞானவேல்: அது... எல்லாத்துக்கும் காட்டாதுங்க.

லீலா: காட்டுதே. பேரு, கதவு நம்பரு, வாங்குன தேதி எல்லாம்.

ஞானவேல்: யாரு... யாரு சொன்னா?

லீலா: யாரும் சொல்லல. ஏழு ரோட்டுப் பக்கம் இன்னொரு சென்டர்ல போயி நானே பாத்தேன். ஞானவேல், நாயுடுபுரம், இந்தக் கட கதவு நம்பரு. தேதி, நான் பால் காய்ச்சுன மறுநாளு.

ஞானவேல்: பிரின்டருல பேப்பரு தீந்துருச்சு, வச்சுட்டு வந்துர்றேன்.

லீலா: இத்தன நேரம் வாய் ஓயல. இப்பப் பேசுங்க.

ஞானவேல்: விக்கிறதுக்கு வாங்கலீங்க, சத்தியமா. அன்னிக்கு விருந்துல பேரச் சொன்னீங்க. வேற எவனும் தூக்கிறக் கூடாதுன்னு வாங்கிப் போட்டேன். ஒங்ககிட்ட குடுத்துரத்தான்...

லீலா: குடுக்க வேண்டியதுதான? எதுக்கு என்னப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?

ஞானவேல்: குடுத்துட்டா சோலி முடிஞ்சிரும். அப்புறம் நீங்க எதுக்கு இந்தக் கடப்பக்கம் வரப்போறீங்க?

லீலா: அட மக்கு மனுசா... நான் அதப் பாத்தது செவ்வாக்கெழம. அன்னிக்கு அங்கனயே டாட் இன்ன வாங்கிட்டேன். பெறகு நாலு நாளா இங்கன வந்து உக்காந்து, கோடு வேணுமா வேணாமான்னு எதுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சீங்க?