நூற்றுக்கு அறுபது குடம்

பருப்பு வேகாத ஊரில் பிறந்தவனுக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும், ஐயா. கனிகிரிப் பக்கம் எங்கள் ஊரில் காலையில் அடுப்பேற்றிய துவரம் பருப்பு மதியம் வரை கல்லாகவே கிடக்கும். தண்ணீரில் அவ்வளவு உப்பு. உப்போடு, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடும் உண்டு. என் பல்லைப் பாருங்கள், ஏழு வயதில் முளைக்கும்போதே இப்படிப் பழுப்புக் கோடுகளோடுதான் முளைத்தது. பெண் பார்க்கப் போன வீடுகளில் சிரிக்காமலே உட்கார்ந்திருந்து, திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கினேன்.

அதனால், பணத்தாசையில் இந்தத் தண்ணீர் சுத்திகரிக்கும் தொழிலுக்கு வந்தேன் என்று எழுதாதீர்கள். நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

மெம்ப்ரேன் என்பது பெரிய ரகசியமெல்லாம் இல்லை. நீளக் குழலுக்குள் சுருட்டி வைத்த மெல்லிய தாள். உப்புத் தண்ணீரை அழுத்தித் தள்ளினால் நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும், கெட்டதெல்லாம் இந்தப் பக்கமே நின்றுவிடும். நூறு குடம் ஏற்றினால் நாற்பது குடம் நல்லது கிடைக்கும். மிச்ச அறுபது குடம் கழிவு, ஏற்றிய தண்ணீரைவிட மோசமான கழிவு. அதை எங்கே விடுவது என்று எந்தக் கம்பெனிக்காரனும் சொல்லித் தருவதில்லை.

எனக்கு மெம்ப்ரேன் விற்றவர் மூர்த்தி காரு என்ற விஜயவாடா ஏஜென்ட். எங்கள் மாவட்டத்து வரைபடத்தை எப்போதும் பையில் வைத்திருப்பார். தண்ணீர் கெட்டுப்போன ஊர்களுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. அதை அவர் விரித்துப் பார்க்கும்போது, சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையைப் பார்ப்பது போல முகம் மலரும்.

"ரத்னம், சைனாக்காரன் மலிவுச் சரக்கோட வந்தாலும் பயப்படாத. அடுத்த தெருவுல இன்னொருத்தன் பிளாண்ட் போட்டாலும் பயப்படாத. ஊருல ஒரு நல்ல கிணறு இருந்தா மட்டும் பயப்படு. நம்ம மார்க்கெட்டுக்கு எமன் அதுதான்யா" என்றார்.

எங்கள் ஊரில் அது இருந்தது. பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த கோட்டம்மாவின் கிணறு. ஊரே உப்பில் கிடக்க, அவள் அரை ஏக்கரில் மட்டும் இளநீர் மாதிரி ஊறியது. சோதனைக் குப்பியில் அந்தத் தண்ணீரை எடுத்துச் சிவப்பு மருந்தை விட்டுப் பார்த்தேன். ஃபுளோரைடு இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும், மாறவே இல்லை. அவள் அதை யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. முப்பது முப்பத்தைந்து வீடுகள் அங்கேதான் எடுத்தன.

என் பிளாண்ட் திறந்த அன்று ஊரே வந்திருந்தது. அவளும் வந்தாள். முதல் டம்ளரை நானே மரியாதையாக நீட்டினேன். ஒரு வாய் வைத்தாள், என் காலடியிலேயே துப்பினாள்.

"செத்த தண்ணிடா இது. இதுக்குக் காசு வேறயா? முதல்ல உன் பல்ல மூடு ரத்னம். அதப் பாத்தா எவன்டா உங்கிட்டத் தண்ணி வாங்குவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அதற்குப் பிறகு ஊரில் எனக்குச் செத்த தண்ணிக்காரன் என்றே பெயர். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. அவளை வெறுத்தேன், அதை மறைப்பானேன். ஆனால் வெறுப்பில் ஒரு காரியமும் செய்யவில்லை. வெறுப்பில் செய்பவன் அவசரப்படுவான்.

என் பிளாண்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், அவள் கிணற்றிலிருந்து முப்பதடியில், யாரும் கவனிக்காத வற்றிய போர்வெல் ஒன்று கிடந்தது. என் கழிவுக்கு ஒரு போக்கிடம் வேண்டும். சாலைக்கு அடியில் குழாய் பதித்து அதில் இறக்கினேன். போன மாதம் சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன் உடைத்ததே, அந்தக் குழாய்தான். வால்வை முதலில் கொஞ்சமாகத்தான் திறந்து வைத்தேன், மிச்சம் ஓடைக்குப் போனது. ஒரே நாளில் கரித்தால் சந்தேகப்படுவார்கள். சிறுகச் சிறுக ஏறினால் நாக்கு பழகிக்கொள்ளும். ஃபுளோரைடுக்கோ ருசியே கிடையாது. யோசித்துப் பாருங்கள், நான் வெளியிலிருந்து விஷம் வாங்கி வந்து கொட்டவில்லை. அந்த மண்ணில் எடுத்ததை அந்த மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

மாதம் ஒருமுறை அவள் கடைக்குப் போவேன். பானையிலிருந்து ஒரு குப்பி பிடித்துக்கொள்வேன். இரண்டாம் வருஷம் சிவப்பு வெளுத்தது. மூன்றாம் வருஷம் நல்ல மஞ்சள். அதற்குப் பிறகு அவள் தரும் டீயை வாங்கி, யாரும் பார்க்காதபோது பெஞ்சுக்குக் கீழே ஊற்றிவிடுவேன்.

பருப்பு வேகவில்லை என்று சிலர் என்னிடம் வந்தார்கள், பிறகு இன்னும் சிலர். வாங்க முடியாதவர்கள் கிணற்றிலேயே நின்றுகொண்டார்கள். எனக்கும் வியாபாரம் வளர்ந்து, மூர்த்தி காருவின் ஏஜென்சியும் வரைபடமும் என் கைக்கு வந்தன. பதினோரு ஊர்களுக்கு மெம்ப்ரேன் விற்றேன். ஒவ்வொரு ஊரிலும் நல்ல கிணறு ஒன்று எங்காவது மிச்சம் இருக்கும். குழாயை எங்கே இறக்க வேண்டும் என்பதை வாங்கியவர்களுக்கு நானே நேரில் போய்ச் சொல்லிக் கொடுத்தேன்.

கோட்டம்மா வரவே இல்லை. முதுகு வளைந்தது, கழுத்து திரும்பாமல் போனது, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பிப் பார்த்தாள். வயசாகுது என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். பிரசவத்துக்கு வந்த மகள் புருஷனோடு சண்டை போட்டு இங்கேயே தங்கிவிட்டாள். அவள் குழந்தை லாஸ்யா அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே வளர்ந்தது. ஒருநாள் கடையில் அது என்னைப் பார்த்துச் சிரித்தது. பால்பல் விழுந்து முன்பல் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. பழுப்புக் கோடு. என் பல்லேதான். கால் இரண்டும் முட்டியில் வளைந்திருந்தன. பாவமாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அன்றுகூட நான் வாயைத் திறந்திருக்கலாம்.

ஒன்பதாம் வருஷம் அவள் என் பிளாண்டுக்கு வந்தாள். நிமிர முடியாததால் என் வயிற்றைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ரத்னம், பட்டணத்து டாக்டர் தண்ணிய மாத்தச் சொல்றான். புள்ளைக்கு மட்டும் தெனம் ஒரு கேன் குடுப்பா. கடன் சொல்றதா நெனைக்காத, கடையில கழிச்சுக்கலாம்."

"உனக்கு வேணாமாக்கா?"

"என் கிணறு என்னை என்னடா பண்ணிடும்? அது எங்கப்பன் தோண்டினது. எனக்கு உன் செத்த தண்ணி இறங்காது."

"காசே வேணாம்க்கா. பஸ் ஸ்டாண்டுல நாலு பேர் முன்னாடி, உன் கிணறு கெட்டுப்போச்சு, ரத்னம் தண்ணிதான் நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

பேத்திக்காகப் போய்ச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரமே, கடன் வாங்கியாவது, கடைசி வீடு வரை என்னிடம் வந்துவிட்டது.

அப்புறமாவது குழாயை அடைத்திருக்கலாமே என்கிறீர்கள். அந்தக் கிணற்றில் அவள் ஒருத்திதான் குடித்துக்கொண்டிருந்தாள், எனக்கு அது தெரியும். ஆனால் கழிவு எங்காவது போகத்தானே வேண்டும்? இன்னும் ஒன்றரை வருஷம் குடித்தாள். மூத்திரப்பை வீங்கி, சிறுநீரகம் போய், ஆஷாட மாசத்தில் செத்தாள். அவள் செத்த தினமும் லாஸ்யாவின் கேன் ஏழு மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள். பேத்திக்குக் கொடுத்த நல்ல தண்ணீருக்கும் சரி, பாட்டிக்குக் கொடுத்த கழிவுக்கும் சரி, நான் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.