வெடிக்காத குண்டு

யுத்த காலத்தில் ஒரு பிற்பகல், கொழும்பில் வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் என் பின்சீட்டில் இருந்தவன் நண்பனிடம் சொன்னான்: "மச்சான், இண்டைக்கு வெடிக்காத குண்டுக்கு நான்தான் பொறுப்பு."

"மெல்லக் கதையடா!"

"ஒஃபிஸில கொம்பியூட்டர், போன் எல்லாத்தையும் இணைக்கிற நெட்வேர்க் சுவிட்ச் பெட்டி நாலு ஒண்டாச் சேர்ந்து ஓடுறது. பழுதான ஒண்டைக் கழட்டிப் புதுசைப் பூட்டினனான். புதுசுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனா தான்தான் தலைவன் எண்டு மற்ற மூண்டின்ர செட்டிங்கையும் அழிச்சுப்போட்டுது. கொம்பியூட்டர், மேசை போன் எல்லாம் செத்துப்போச்சு."

"பிறகு?"

"அறையால வெளிய வந்து பாத்தா, ஒஃபிஸ் சனம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுது. குண்டு வெடிச்சா உடன போன் எல்லாம் நிண்டுபோறது வழக்கம்; அப்ப போன் வேலை செய்யாட்டி எங்கையோ குண்டு எண்டுதானே அர்த்தம்? நானும் ஓடினன்."

"நீ ஏனடா ஓடினனீ?"

"எல்லாரும் ஓடேக்க நிண்டு யோசிக்கிறதே? பஸ் ஏறின பிறகுதான் அது என்ர வேலை எண்டு விளங்கினது."

அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது. "ஐயோ, மனேஜர்" என்றவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஓம் சேர்... பத்திரமா இருக்கிறன் சேர்... இல்ல சேர், எங்க வெடிச்சதெண்டு எனக்கும் தெரியாது."