பலகையில் பத்து, கையில் பதினெட்டு

இருந்தவர்கள்: வெளிநாட்டுக் காசு மாற்றித் தரும் கடைக்காரர், கல்லாவுக்குப் பின்னால், சுழலாத சுழல் நாற்காலியில். தையல் வேலை செய்யும் அம்மா, கம்பித் தடுப்புக்கு வெளியே, முக்காலியில். அவருடைய மகள், வங்கியில் வேலை. எழுத மேசை வேண்டும் என்று தடுப்பைச் சுற்றி உள்ளே போய், கடைக்காரருக்குப் பக்கத்தில். மதிய இடைவேளை. கதவு பாதி சாத்தியிருந்தது.

மகள்: ...அதனால உண்மையை மட்டும் சொல்லுங்க மாமா. கடிதம் இன்னிக்கே போகணும்.

கடைக்காரர்: நான் என்ன கோர்ட்லயா நிக்கறேன்? கடிதம் யாருக்கு, முதல்ல அதைச் சொல்லு.

மகள்: அப்பாவுக்கு. அங்க வேலை முடிஞ்சுபோச்சு, அறையையும் காலி பண்ணணும். ஆனா வீட்டுக்கு வரமாட்டாராம்.

கடைக்காரர்: எல்லை தாண்டிப் போய் இத்தனை வருஷம் உழைச்ச மனுஷன்... ஏன் வரமாட்டாராம்?

அம்மா: நீயே படிச்சுக் காட்டு.

மகள்: "இந்த நாட்டுக் காசு விழுந்த அந்த இரண்டு வருடமும் நான் அனுப்பியது அங்கே பாதியாகத்தான் வந்திருக்கும். உங்களைப் பட்டினி போட்டவன் எந்த முகத்தோடு வருவேன்?"

கடைக்காரர்: பட்டினியா? நீ அப்போ பூசணிக்காய் மாதிரி உருண்டுக்கிட்டு இருந்தியே.

அம்மா: சட்டையில பட்டன் நிக்காது. பிரிச்சுப் பிரிச்சுத் தைப்பேன்.

மகள்: அதான் கேக்கறேன். இதோ, எங்க வங்கியில எடுத்த பழைய ரேட் பட்டியல். அவங்க காசு ஒண்ணுக்கு நம்ம காசு பதினெட்டு இருந்தது, அந்த வருஷம் பத்துக்கு விழுந்திருக்கு. அம்மா கொண்டுவந்த பணம் மட்டும் ஒரு மாசம்கூடக் குறையல.

கடைக்காரர்: வங்கி ரேட் வேற, கடை ரேட் வேற.

மகள்: அதுக்காக எட்டா வித்தியாசம் இருக்கும்?

கடைக்காரர்: ...டீ சொல்லட்டுமா?

அம்மா: அண்ணே, காசை மாத்தற மாதிரி பேச்சை மாத்தாதீங்க.

கடைக்காரர்: சரி, பதினெட்டுதான் கொடுத்தேன். என்ன இப்போ? கடை திறந்தப்போ ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. முதல்ல வந்தது உங்க அம்மாதான். லாரிக்காரர்கிட்ட உங்க அப்பா கொடுத்தனுப்பின நோட்டு... ஒவ்வொண்ணும் நாலா மடிச்சு, மூலையை உள்ள திருப்பி...

அம்மா: அவர் அப்படித்தான். வெத்துத் தாளைக் கொடுத்தாலும் அப்படியே மடிப்பார்.

கடைக்காரர்: பிரிச்சு முடிக்கறதுக்குள்ள விடிஞ்சுரும். ஆனா, "அண்ணே, நீங்க எண்ணினா சரியா இருக்கும்"னு சொல்லிட்டு உக்காந்துட்டா. அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம்தான் தெருவே இங்க வந்தது.

அம்மா: அதுக்காக ரெண்டு வருஷமா ஒருத்தர் கைக்காசைப் போடுவாங்க?

கடைக்காரர்: உனக்கு எப்படித் தெரியும்? நீ வர்றப்போ ரேட் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பிடுவேனே.

அம்மா: அந்தப் பலகை என்னைக் கண்டா மட்டும் கோவிச்சுக்கும், தெரியாதா? எதிர்ல பஸ் ஸ்டாப்ல நின்னு படிச்சுட்டுத்தான் ரோட்டையே தாண்டுவேன்.

கடைக்காரர்: பத்துன்னு தெரிஞ்சுமா பதினெட்டு வாங்கினே?

அம்மா: வாங்காம? வளர்ற பிள்ளை. அதான் உங்க வீட்டுத் துணியெல்லாம் தைச்சுத் தந்தேன்.

கடைக்காரர்: கூலி கேட்டா, "மிச்சத் துணிதான் அண்ணே"ம்ப. முழுச் சட்டைக்கு ஏது மிச்சம்? எனக்கு அப்பவே சந்தேகம்.

மகள்: ரெண்டு பேரும் நல்லா நடிச்சிருக்கீங்க. ஏம்மா, அப்பாகிட்ட இதைச் சொல்லல?

அம்மா: "போதும், போதும்"னுதான் எழுதினேன். ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டார். அண்ணன் பேரைச் சொல்லியிருந்தா, திருப்பிக் கொடுக்கணும்னு அங்க வயித்தைக் கட்டியிருப்பார்.

மகள்: இப்போ எழுதிடறேன்.

கடைக்காரர்: எழுதாதே. பட்டினி போட்டோம்ங்கற குறை போய், கடன்பட்டோம்ங்கற குறை வரும். அப்புறம் வரவே மாட்டார். இரு... இப்படிப் போடு. அந்த நோட்டை நான் அப்போ விக்கவே இல்ல. பெட்டியில வெச்சிருந்தேன். நாலஞ்சு வருஷத்துல ரேட் இருபதுக்கு ஏறிச்சு, வித்தேன். எனக்கு லாபம்னு எழுது.

மகள்: இருபதா?

கடைக்காரர்: இருபதுக்கும் மேல. எழுதும்மா... பட்டியல்ல என்ன தேடற?

மகள்: ஒண்ணுமில்ல மாமா. பேனா எழுதல.

கடைக்காரர்: இந்தா, என் பேனா.

அம்மா: இரு. அதை எழுதறதுக்கு முன்னால இப்படி வா. காதைக் கொடு.

கடைக்காரர்: என் கடையில உக்காந்து எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?

அம்மா: புருஷனுக்குப் பொண்டாட்டி எழுதறது. உங்களுக்கு எதுக்கு?

கடைக்காரர்: சரி, நான் காதைப் பொத்திக்கறேன்... ஆச்சா?

மகள்: ஆச்சு. பசை எங்க?

கடைக்காரர்: கல்லாவுக்குள்ள. ஓரத்தை நல்லா அழுத்து. தபால்காரர் அதோ எதிர்க்கடையில இருந்து வர்றார்.

மகள்: அண்ணா, இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க... ரொம்ப நன்றி.

கடைக்காரர்: அப்பாடா. லாபம்னு தெளிவா எழுதினே இல்ல?

மகள்: இல்ல மாமா. அந்த ரேட் அதுக்கப்புறம் பதிமூணைத் தாண்டவே இல்ல. பட்டியல்ல இருக்கு.

கடைக்காரர்: அடிப்பாவி. தங்கச்சி, அப்போ என்னதான் எழுதச் சொன்னே?

அம்மா: போன மாசம் கிழிஞ்ச பணப்பை ஒண்ணு தைக்கக் கொடுத்தீங்களே, காலிப் பைன்னு... அதோட தையல்ல ஒரு நோட்டு சிக்கியிருந்தது அண்ணே. நாலா மடிச்ச தழும்பு, மூலை திரும்பின தழும்பு, ரெண்டும் அப்படியே இருந்தது. திரும்ப அதுலயே வெச்சுத் தைச்சுட்டேன். அதைத்தான் எழுதச் சொன்னேன். "நீங்க அனுப்பின நோட்டை, பதினெட்டு வரும் வரும்னு இன்னிக்கும் விக்காம வெச்சிருக்கார் ஒருத்தர். நம்ம பிள்ளை ஒரு நாளும் பசின்னு அழல. நன்றி சொல்ல எனக்கு வாய் வரல. எந்த முகத்தோட வர்றதுன்னு கேட்டீங்களே... நன்றி சொல்ற முகத்தோட வாங்க"ன்னு.