நாற்பத்தொரு வரிகளை வெட்டிச் சாய்த்த கதை

எனக்குத் தந்த ஐந்து நிமிடத்தை ஐந்து மணி நேரமாக இழுத்துவிடுவேனோ என்று அஞ்சி மணியைக் கையிலேயே பிடித்திருக்கும் தலைவர் அவர்களே! கணினியின் அடிப்படை நிரலாம் கெர்னலைக் கட்டிக் காத்துக் கண்பார்வை குன்றிய பெரியோர்களே! எங்களைப் பெற்ற பாவத்துக்காக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எவருமே நம்பப்போகாத கதையொன்றைச் சொல்வேன் என்று இந்த ஒலிபெருக்கியின் மீது ஆணையிடுகிறேன்.

முன்வரிசையில் என்னை முறைக்கிறாரே, அவர் என் அக்கா. நூலகத்தில் பழைய புத்தகங்களைப் படமெடுக்கும் ஸ்கேனர் அவர் பொறுப்பு. யானை படுத்தாற்போன்ற எந்திரம்! அதையும் கணினியையும் பேசவைப்பது எங்கள் அலுவலகத்தில் எழுதிய ஒரு டிரைவர் நிரல். அந்த நிரலோ, "ஸ்கேனர் பதில் தரவில்லை" என்று நாளுக்கு நூறு முறை ஒப்பாரி வைத்தது. மேலாளர் தீர்ப்பளித்தார்: "வெள்ளிக்கிழமை மெஷின் பழைய இரும்புக்குப் போகுது. நீங்களும் வேற வேலை பாத்துக்கங்கம்மா."

அக்கா என்னை அழைத்தார். "டேய், பச்சை விளக்கு எரியுது. மெஷின் தயாரா நிக்குது. கம்ப்யூட்டர்தான் அது செத்துப்போச்சுன்னு சாதிக்குது. வந்து பாருடா!"

பார்த்தேன். நாற்பத்தொரு வரிகள்! அவற்றைப் படித்த இருவர் துறவு பூண்டனர். மூன்றாமவர் இன்னும் ஓர் அடைப்புக்குறிக்குள் மாட்டிக்கொண்டு கையை ஆட்டுகிறார். என்ன செய்தன அந்த வரிகள்? "தயாரா?" என்று எந்திரத்தைக் கேட்கும். தூங்கும். மீண்டும் கேட்கும். தூங்கும். கணினிக்கு வேலை மிகுந்தால் அளவுக்கு மீறித் தூங்கிவிடும். விழித்ததும் கடிகாரத்தைப் பார்க்கும், எந்திரத்தைப் பார்க்காது! "கெடு முடிந்தது, ஆள் காலி!" தூங்கியவன் ஒருவன், தண்டனை இன்னொருவனுக்கா? சிரிக்காதீர்கள் ஐயா, உங்கள் டிரைவரிலும் இதே கூத்துதான்!

கெர்னலில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் உதவி நிரல் உண்டு. அதுவும் தூங்கும். ஆனால், கெடு முடிந்த பின்னும் கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டே தீர்ப்புச் சொல்லும். நாற்பத்தொன்றையும் வெட்டினேன். அந்த நிரலை அழைக்கும் ஒற்றை வரியை வைத்தேன்.

குதித்தார் எங்கள் குழுத்தலைவர். "யோவ், பன்னெண்டு வருஷமா ஓடுது! நம்ம ஆபீஸ்லயே எழுதினது, அதுல ஒரு கெத்து இருக்கு. கை வைக்காதே!"

"கெத்தை நீங்க வச்சுக்கங்க சார். எங்கக்காவுக்கு வேலை வேணும்."

அவர் ஒப்புக்கொள்ளும்வரை பதினேழு யுகம் அவர் அறைவாசலில் அமர்ந்திருந்தேன். அவரே இன்றைய தலைவர். அடியுங்கள் மணியை, நிறுத்தமாட்டேன்!

வெள்ளிக்கிழமை. வாசலில் இரும்புக்கடை லாரி உறுமியது. அக்கா பொத்தானை அழுத்தினார். கெடு முடிந்தது. கடைசிக் கேள்வி போனது. "தயார்!" என்றது எந்திரம். அது தாள் புரட்டிய காற்றில் லாரி பக்கத்து ஊரில் போய் விழுந்தது!

கைச்சரக்கு என்பதற்காகப் பிழையைச் சுமப்பேனா? சுமக்கமாட்டேன்! கண்விழித்து எழுதியது என்பதற்காக விட்டுவைப்பேனா? வைக்கமாட்டேன்! அழிப்பேன்! உங்கள் வரிகளையும் தேடி வந்து அழிப்பேன்!

அன்று அக்கா கேட்டார்: "எந்த மடையன்டா இதை எழுதினான்?" "யாரோ" என்றேன். பெரியோர்களே, இக்கதையில் எவ்வளவு புளுகு என்று கேட்காதீர்கள். ஒரு துளி மட்டும் மெய். எழுதியவன் நான்தான், அக்கா. பொறுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம். மேடைக்குப் பின்கதவு எந்தப் பக்கம்?