எழுந்து வரவேண்டிய பிணம்

செத்துக் கிடப்பது சுலபமான வேலை என்று சொல்கிறவர்களின் மூக்கில் ஈ உட்கார்ந்ததில்லை. ஸ்பெயினிலேயே பொல்லாத இந்தத் தபெர்னாஸ் பாலைவனத்து ஈயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சார்ஜெண்ட் ஐயா. நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தான். முதலில் மூக்கு நுனியில் நிற்கும். பிறகு உள்ளே எட்டிப் பார்க்கும். அப்போதும் நெஞ்சு ஏறி இறங்கக் கூடாது.

இத்தாலிக்காரர்கள் குதிரையும் துப்பாக்கியுமாகப் படம் எடுக்க வந்த நாளிலிருந்து நான் செத்துக்கொண்டிருக்கிறேன். மதுக்கடை வாசலில் சுடப்பட்டிருக்கிறேன், தூக்கில் தொங்கியிருக்கிறேன், குதிரைத் தொட்டியில் தலைகுப்புற மிதந்திருக்கிறேன். “எவரிஸ்டோவைக் கூப்பிடு, அவன் செத்தா செத்ததுதான்” என்பார்கள். அந்தப் பேர் போதும் எனக்கு.

திபுர்சியோவை இந்த வேலைக்கு அழைத்து வந்ததே நான்தான். பக்கத்து வீட்டுக்காரன், தெருத்தெருவாக மீன் விற்றுக்கொண்டிருந்தவன். நல்ல மனிதன், ஆனால் மோசமான பிணம். தும்முவான், சொறிவான். குதிரை கிட்டே வந்தால் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பான். ஒருநாள் சண்டைக் காட்சியில் ஒரு கூட்டமே செத்துக் கிடக்கிறோம், இவன் கால்சட்டைக்குள் எறும்பு புகுந்துவிட்டது. அலறிக்கொண்டு எழுந்தவன், தன்னைச் சுட்டவனையே இடித்துத் தள்ளிவிட்டு ஓடினான்.

வேறு டைரக்டராக இருந்தால் அன்றே துரத்தியிருப்பார். இந்த மால்பியெரி கைதட்டினார்.

“இவன்தான்யா எனக்கு வேணும்! எந்திரிக்கிற பிணம்!”

அவர் எடுத்த படம் அப்படிப்பட்டது. சுடப்பட்ட கொள்ளைக்காரர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வந்து ஷெரீப்பைக் கடித்துத் தின்பார்கள். திபுர்சியோதான் தலைமைப் பிணம். அவனுக்கு வசனம்கூட உண்டு. ‘ஊ’ என்று.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். என் வருத்தம் வேறு. செத்தவன் எழுந்திருப்பது முறையில்லை. எல்லாரும் எழுந்து நடமாட ஆரம்பித்தால், கிடக்கிறவனுக்கு என்ன மரியாதை?

அவனும் சும்மா இருக்கவில்லை. மதுக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான்: “என்ன மச்சான், இன்னைக்கும் செத்துட்டுத்தான் வர்றியா? வீட்லயும் ராத்திரி அதே நடிப்புதான்னு உன் பொண்டாட்டி பொலம்புறாளே!”

கடையே குலுங்கியது. அதற்காகக்கூட நான் கோபப்படவில்லை. மறுநாள் காலையில் நீளமான ஆணியாகப் பார்த்து வாங்கினேன், அவ்வளவுதான்.

அன்றைய காட்சியில் திபுர்சியோவைச் சவப்பெட்டிக்குள் படுக்கவைத்து, ஆழமில்லாத குழியில் இறக்குவார்கள். நான் குழிவெட்டி. சுடப்பட்டு, அந்தப் பெட்டியின் மேலேயே விழுந்து செத்துவிடுவேன். அவன் உள்ளிருந்து தட்டி, மூடியோடு என்னையும் புரட்டித் தள்ளிவிட்டு எழ வேண்டும். என்னைப் புரட்டித் தள்ளிவிட்டு.

மூடி சட்டென்று கழல வேண்டும் என்று இரண்டு குட்டி ஆணி கொடுத்தார்கள். பொறுப்பான ஆள் என்பதால் அடிக்கிற வேலையை என்னிடம் விட்டார்கள். குட்டி ஆணி எனக்குச் சரியாகப் படவில்லை. கால்மாட்டில் மூச்சுக்காகத் துளை போட்டிருந்தார்கள். மண் உள்ளே போய்விடுமே என்று ரொட்டியைப் பிசைந்து அடைத்தேன். அவன் எரிகிற சுருட்டோடு உள்ளே படுத்தான். அது அவன் செய்த தப்பு, மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

கேமரா ஓடியது. நான் சுடப்பட்டு விழுந்தேன். என் கன்னம் மூடிப் பலகையில் பதிந்திருந்தது. தட்டும் சத்தம் தொடங்கியது. பலகை இடுக்கில் சுருட்டுப் புகை கசிந்தது.

“புகை! பாருங்கய்யா, நரகத்துப் புகை!” என்று டைரக்டர் துள்ளினார்.

என் காதுக்கு நேர்கீழே குரல் கேட்டது. “மச்சான்... மூடி வரலடா. நீ எந்திரி.”

கேமரா ஓடும்போது பிணம் எழுந்திருக்காது.

படச்சுருள் தீர்ந்து வேறு மாட்டினார்கள். அந்த இடைவெளியில் பலகையோடு வாயை வைத்துச் சொன்னேன்: “பிரமாதமாத் தட்டுற. டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.”

“வெளையாடாதடா. மூச்சு முட்டுது.”

“அதான் இவ்வளவு நல்லா வருது. அப்படியே பண்ணு.”

மறுபடி ஓடியது. தட்டல் குறைந்து பிறாண்டலானது. பிறாண்டலும் நின்றது. டைரக்டர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். அந்த அமைதி தட்டலைவிடப் பயங்கரமாக இருந்ததாம். பிறகு கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு, “ஏன் இன்னும் எந்திரிக்கல?” என்று கேட்டார்.

“இப்பத்தான் அவனுக்கு நடிப்பு கைகூடி வருது,” என்றேன். “கலைக்காதீங்க. நாம சாப்பிட்டு வந்துடலாம்.”

கொண்டைக்கடலையும் பன்றிக்கறியும் போட்ட குழம்பு. நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். திபுர்சியோவின் பங்கு வீணாகிவிடக் கூடாதே என்று அதையும் நானே சாப்பிட்டேன். பெட்டி வெயிலில் கிடந்தது.

கடப்பாரை போட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது. முதல்முறையாக அவன் தும்மவில்லை, சொறியவில்லை. இத்தனை நாளில் அப்படி ஒரு கச்சிதமான பிணத்தை நான் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஆணி அடித்தது நான். துளையை அடைத்தது நான். அவன் கூப்பிட்டது ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரோமில் அந்தப் படச்சுருளைக் கழுவிப் பார்த்தார்களாம். உள்ளே சத்தம் நின்றதும், பெட்டிமேல் கிடக்கிற பிணம் பல் தெரியச் சிரிக்கிறதாம். டைரக்டர் அதைத்தான் பெரிதாகச் சுவரொட்டியில் போடப்போகிறாராம்.

அது நானாக இருக்க முடியாது, ஐயா. செத்துக் கிடக்கும்போது என் முகத்தில் ஒரு நரம்புகூட அசையாது.

சுவரொட்டி வந்ததும் எனக்கு ஒன்று கொண்டுவந்து தருவீர்களா? சும்மா, அது யாரென்று பார்க்கத்தான்.