சம்பே அம்மா வீட்டுக்கு வழி

இல்ல இல்ல, அதை அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடு. நான் இருமினதும் கோழியை விரட்டினதும் அதுல விழுந்திருக்கும். போட்டியா? ஓடுதா? போனைக் கொஞ்சம் கிட்ட வை. இன்னும் கிட்ட. குரல் தெளிவா விழணும், அதான் எனக்கு வேணும்.

ஆமா, உன் பத்திரிகைக்கு, புதுசா வர்றவங்களுக்குத்தானே. முதல் தடவை நம்ம மலை நாட்டுக்கு வர்ற ஆளுங்க எப்படி வரணும், எதைப் பாத்துக்கணும். வந்த நாள்லேர்ந்து இதையே கேட்டு என் உயிரை வாங்கினே. கிளம்புற அன்னிக்குச் சொல்றேன்னு சொன்னேன்ல? இன்னிக்குக் கிளம்புறே, சொல்றேன். உன்னைப் பஸ்சுல ஏத்திவிடத் தோதிங் வண்டியை எடுத்துட்டு வந்து ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும். அவன் எப்பவும் அவசரக்குடுக்கைதான், பஸ் ஓடியா போகப் போகுது.

முதல்ல பாஸ்போர்ட். அதை யார்கிட்டயும் குடுக்கக் கூடாது. பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லி எவன் கேட்டாலும் குடுக்கக் கூடாது. ஏஜெண்டு கேட்டாலும் சரி, கேப்டன் கேட்டாலும் சரி. எந்தக் கேப்டனா? எவனோ ஒரு கேப்டன். ஊர் சுத்த வர்றவனுக்குக் கேப்டன் எதுக்குன்னு கேக்காதே, நான் சொல்றதை மட்டும் பிடி. ஒருவேளை ஏற்கனவே குடுத்துட்டு வெறுங்கையோட நின்னாலும் பரவால்ல, பயப்பட வேணாம். அதுவும் அதுல விழட்டும்.

அப்புறம் மக்காசார் பட்டணம். விமானத்துல வர்றவங்களுக்குக் கஷ்டமில்ல, வெளில வந்து பஸ் ஸ்டாண்டுக்குன்னு சொன்னா யாராவது கொண்டு விட்டுடுவாங்க. கடல் வழியா வர்றவங்கதான் கவனிக்கணும். துறைமுகம் பெருசு, ராத்திரில இறங்கினா எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது. கடலை முதுகுப் பக்கம் வச்சிட்டு நேரா நடக்கணும். வெளிக் கேட்டுல ஒரே கூச்சலா இருக்கும், கையைப் பிடிச்சு இழுப்பானுங்க. நின்னு பதில் சொல்லிட்டு இருக்கக் கூடாது. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காம நடந்துட்டே இருக்கணும்.

யாரா? கடல் வழியா யாரும் வர்றதில்லையா? உனக்குத் தெரியுமா? வருவாங்கம்மா. நீ பேசாம பிடி.

பஸ்சு சாயங்காலம் கிளம்பும், விடியக்காலம் நம்ம ரன்டெபாவ் வந்து சேரும். ஜன்னலோரம் உக்காரணும். உள்ள குளிரு எலும்பைத் தின்னும், டிரைவருங்களுக்கு இரக்கமே கிடையாது, ஏசியை அந்த அளவு வச்சிருப்பானுங்க. கம்பளி குடுப்பாங்க, நாத்தமடிச்சாலும் போத்திக்கணும். ஈரத் துணியோட மட்டும் ஏறக் கூடாது. உடம்பு நனைஞ்சிருந்தா முதல்ல தொடைச்சிட்டு, காயவிட்டு, அப்புறமா ஏறணும். பரேபரே வரைக்கும் கடல் கூடவே வரும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் பாக்க வேணாம். அதுக்கப்புறம் கடல் போயிடும், மலை வரும், வளைவு வரும், வயிறு புரட்டும். அப்ப நல்லா தூங்கலாம். வழில ஒரு எடத்துல சாப்பிட நிறுத்துவாங்க. அங்க கோழிக் கொழம்பு வாயில வைக்க வெளங்காது. காப்பி மட்டும் குடிச்சிட்டு ஏறிடணும், எதுவா இருந்தாலும் வீட்டுல வந்து சாப்பிட்டுக்கலாம்.

ரன்டெபாவ்ல பாலத்துக்கிட்ட இறங்கணும். அங்கேர்ந்து வடக்க போற சின்ன வண்டி. லூதியா வீடுன்னு என் பேரைச் சொல்லிக் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. சம்பே அம்மா வீடுன்னு கேக்கணும். இந்த ஊர்ல புள்ளை பொறந்ததும் நம்ம பேரு போயிடும், புள்ளை பேருதான். அதுவும் நல்லதுக்குத்தான்.

இதை நல்லா கேட்டுக்கோ. முக்குல நின்ன பெரிய மாமரம் இப்ப இல்ல. ரோட்டை அகலப்படுத்தறேன்னு வெட்டிட்டானுங்க. அந்த மரத்தைத் தேடிட்டு நேரா போயிடக் கூடாது. இப்ப அங்க நீலக் கூரை போட்ட சர்ச் இருக்கு. அதைத் தாண்டின உடனே திரும்பணும். பாத்துன்னு ஒரு அக்கா வச்சிருந்த கடையும் மூடியாச்சு, அவங்க மக வீட்டோட போயிட்டாங்க. அப்புறம் வாசல்ல நாய் குலைக்கும். பழைய நாய் செத்துடுச்சு, இது புதுசு, ஆளைத் தெரியாது. குலைக்குமே தவிர கடிக்காது.

ஐயோ, இந்தப் பொண்ணு! இல்லாத மரத்தைப் பத்திப் புது ஆளுக்கு எதுக்குச் சொல்றேன்னு கேக்குறே. ஏதோ ஒரு காரணத்துக்குச் சொல்றேன். உன் வீட்டுக் காசா கரையுது? ஓடட்டும்.

வீட்டுக்குள்ள வர்றவங்க சர்க்கரையோ சிகரெட்டோ ஏதாவது கைல கொண்டு வரணும், வெறுங்கையோட வந்தா எங்க ஊர்ல சிரிப்பாங்க. ஆனா அதுவும் எல்லாருக்கும் இல்ல. சிலபேரு வெறுங்கையோட வந்தாலும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாவு வீட்டுக்குப் போனா கறுப்புதான் உடுத்தணும். நீ வந்த புதுசுல மஞ்சள்ல போய் நின்னியே, எங்கண்ணன் பாலிங்கி மூஞ்சி போன போக்கைப் பாத்தியா? எருமை வெட்டறப்ப முன்னாடி போய் நின்னு போட்டோ எடுக்கக் கூடாது. காப்பி குடுத்தா ஒரு வாயாவது குடிக்கணும்.

இரு. காப்பின்னதும் ஞாபகம் வருது. நிறுத்து அதை. இந்தப் பேச்சு அதுல வேணாம். நிறுத்திட்டியா? காட்டு.

தெற்கு ரூமுக்குக் காப்பி கொண்டு போகணும், சூடு ஆறிடப் போகுது. நீயும் வாயேன். இன்னி வரைக்கும் ஒரு நாள்கூட அந்தக் கதவு பக்கம் எட்டிப் பாக்கல, நல்லா வளத்திருக்காங்க உன்னை. உள்ள வரும்போதும் சம்பே, வரேன்ப்பா, வெளில போகும்போதும் சம்பே, போயிட்டு வரேன்ப்பான்னு அந்தக் கதவைப் பாத்துச் சொல்லணும்னு சொன்னேன், மறக்காம சொன்னே. மகனுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னதை நீ அப்படியே நம்பிட்டே, இல்ல? டாக்டரைக் கூப்பிடவான்னுகூடக் கேட்டே. அன்னிக்கு நான் அடுப்படில போய் உக்காந்து அழுதேன், உனக்குத் தெரியாது.

இங்க உடம்பு சரியில்லன்னா என்னன்னு இத்தனை நாள்ல உனக்கு ஒருத்தரும் சொல்லலையா? செத்தவங்களை நாங்க உடனே செத்தவங்கன்னு சொல்றதில்லம்மா. சடங்கு பண்ணி, எருமை வெட்டி, பாறையைக் குடைஞ்ச கல்லறைல கொண்டு வைக்கிற வரைக்கும் அவங்க வீட்டுலதான் இருப்பாங்க. உடம்பு சரியில்லாதவங்க, அவ்வளவுதான். மூணு வேளையும் சாப்பாடு வைப்போம், பேசுவோம், போர்வை மாத்துவோம். எங்க அம்மாவை மருந்து போட்டு மூணு வருஷம் வச்சிருந்தோம். ஒருத்தருக்கும் பயம் கிடையாது. சொந்த அம்மாவைப் பாத்து என்ன பயம்?

ஆமா. சம்பேயும் அப்படித்தான்.

ஏன் இப்படி வெளுத்துப் போறே? உக்காரு. தண்ணி குடி. போகும்போது உள்ள போய் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போ, அதான் மரியாதை. போ, கதவைத் தள்ளினா திறக்கும். இந்தக் காப்பியை நீயே கொண்டு போய் வை. தலைமாட்டுல வை.

பாத்தியா?

ஆமா. கட்டில்ல அவன் சட்டைதான். வேற ஒண்ணும் கிடையாது. கட்டிலுக்கு அடியிலெல்லாம் பாக்க வேணாம், வா, வந்து உக்காரு.

மீன்பிடிக் கப்பல்ல வேலைன்னு போனான். வெளிநாட்டுக் கப்பல். போறதுக்கு முந்தின நாள் போட்டிருந்த சட்டை அது, தோய்க்க வேணாம்மா வந்து தோய்ச்சுக்கறேன்னு கொடில மாட்டிட்டுப் போனான். கப்பல்ல நல்ல தண்ணி கிடையாதாம், நல்ல சோறு கிடையாதாம். கால் வீங்கிச்சாம். அப்புறம் வயிறு. அப்புறம் மூச்சு விட முடியாம, அதுவும் நின்னுடுச்சாம். கூட வேலை பாத்த மனாடோ ஊர்ப் பையன் ஒருத்தன், கொழும்புல கப்பல் நின்னப்ப யார்கிட்டயோ போனை வாங்கி எனக்குக் கூப்பிட்டான். அந்தப் பையன் அழுத அழுகைல பாதி புரியல. கொழும்புக் கரை விளக்கு தெரியற தூரத்துக்கு வந்துட்டோம்மா, இன்னும் ஒரு ராத்திரி பொறுத்திருந்தா கரைல இறக்கியிருக்கலாம், கேப்டன் பொறுக்கலன்னான். போர்வைல சுத்தி, காலுல இரும்பைக் கட்டிப் போட்டுட்டானுங்களாம். என் புள்ளையைக் கடல்ல போட்டுட்டானுங்கம்மா.

பாவிங்க. நாசமாப் போவானுங்க.

எங்கண்ணன் சொல்றான், சட்டையைப் பெட்டில வச்சுச் சடங்கை முடிச்சுடலாம்னு. பாஸ்டரும் அதேதான் சொல்றார். ரெண்டு பேரும் நல்லவங்க, தப்பாச் சொல்லல. ஆனா சட்டையை வச்சு முடிச்சிட்டா, அப்புறம் அவன் வந்தா எங்க படுப்பான்? நீயே சொல்லு. கட்டிலை எடுத்துடுவாங்க, காப்பி வைக்கிறதை நிறுத்திடுவாங்க. ஆளே வராம சாவை எப்படி முடிக்கிறது?

செத்தவங்க நடக்குற கதையை நீ வந்த முதல் வாரமே கேட்டே, எனக்குக் கோவம் வந்துச்சு, ஞாபகமிருக்கா? வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க, ஏதோ வேடிக்கை மாதிரி. அந்தக் காலத்துல வெளியூர்ல செத்தவங்க நடந்தே வீட்டுக்கு வருவாங்களாம். முன்னாடி ஒருத்தர் வழி காட்டிட்டுப் போவாராம். ஒரே ஒரு விஷயம், வழில யாரும் அவங்களோட நேரா பேசிடக் கூடாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவ்வளவுதான், அங்கேயே விழுந்துடுவாங்க, அப்புறம் எழுந்திரிக்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்து படுத்தப்புறம் எவ்வளவு வேணா பேசலாம். வழிலதான் கூடாது.

முதல் நாள் உன் பாஸ்போர்ட்டைப் பாத்துட்டு எந்த ஊருன்னு கேட்டேன். நீர்கொழும்புன்னே. கொழும்புக்குப் பக்கமான்னு கேட்டேன், பக்கம்தான், வீட்டு மாடிலேர்ந்து கடல் தெரியும்னே. முன் ரூமை ஒரு ஜெர்மன்காரன் வாடகைக்குக் கேட்டுட்டு நின்னான், அவனைப் போகச் சொல்லிட்டு உனக்கு ஏன் குடுத்தேன்னு நினைக்கிறே? உன் அழகுக்கா?

ஊருக்குப் போனதும் கடற்கரைக்குப் போ. கூட்டமில்லாத எடமாப் பாத்துக்கோ. தண்ணி காலுல படற எடத்துல நின்னு, இப்ப நான் பேசினதைப் போட்டு விடு. சத்தமா வை. நீ ஒண்ணும் பேசாதே, பேரும் சொல்லாதே, முடியற வரைக்கும் நில்லு, முடிஞ்சதும் திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போயிடு. அவன்கிட்ட நான் நேரா பேசக் கூடாதுல்ல. அதான் புதுசா வர்றவங்களுக்குச் சொல்ற மாதிரி உன்கிட்டச் சொன்னேன். அவனும் இந்த ஊருக்கு இப்பப் புது ஆளுதானே, மரம் போனதுகூடத் தெரியாது. நீ பத்திரிகைல என்ன வேணா எழுதிக்கோ, அது உன் இஷ்டம்.

அழாதே. நீ அழுதா நானும் அழுவேன், அப்புறம் குரல் கெட்டுடும்.

எனக்குப் பைத்தியமெல்லாம் இல்லம்மா. வர மாட்டான். எனக்குத் தெரியாதா? காலுல இரும்பு. இந்நேரம் மீன் தின்னு முடிச்சிருக்கும். தண்ணிக்குள்ள போன் சத்தம் எங்க கேக்கப் போகுது? ஒண்ணும் நடக்காது. நாளைக்கும் அந்தக் காப்பி ஆடை பிடிச்சு ஆறித்தான் போகும், நான்தான் எடுத்துக் கொட்டுவேன். ஆனா வழி தெரியாம எங்கயோ ஒரு கரைல நனைஞ்சுட்டு நிக்கிறான்னு தோணுது. அந்த நினைப்போட என்னால படுக்க முடியல.

தோதிங் வந்துட்டான். அடிடா அடி, ஊரையே எழுப்பு. வர்றாடா, இரு!

பையை எடுத்துக்கோ. கம்பளி வச்சிருக்கியா? இந்தா, காப்பித்தூள், உங்க அம்மாவுக்கு.

இரு இரு, ஒண்ணு விட்டுப்போச்சு. அதை மறுபடி போடு. முன்ன நிறுத்தின எடத்துலேர்ந்தே ஓடும்ல? போட்டியா?

ம். வர்றவங்க எந்நேரம் வந்து சேந்தாலும் பரவால்ல. விடியக்காலமானாலும், நடு ராத்திரியானாலும். கதவு தாழ் போடறதில்ல, தள்ளினா திறக்கும். அடுப்பு மேல சோறு மூடி இருக்கும். சட்டை இன்னும் தோய்க்கல, அப்படியேதான் இருக்கு. முதல்ல படுத்துத் தூங்கணும், மத்த பேச்செல்லாம் காலைல பேசிக்கலாம்.

அவ்வளவுதான். அணை. சீக்கிரம் அணைம்மா, இன்னும் கொஞ்சம் ஓடினா நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுடுவேன்.